இங்கிலாந்துக்கு வரும் அமெரிக்கர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இங்கிலாந்தில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் வாழும் என் அக்காவின் குடும்பத்தார், அங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மருமகன், அலுவலக வேலையாக வந்துபோகும் அமெரிக்க நண்பர்கள் என ஆண்டுதோறும் யாரேனும் எங்கள் வீட்டில் தங்குவது வழக்கம். வந்த இரண்டாம் நாளிலேயே ஏறத்தாழ ஒரே கேள்விகள் எழுகின்றன. மொழி ஒன்றாக இருப்பதால் பழக்கமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பி, ஜப்பானுக்குப் போவதாக இருந்தால் செய்துகொள்ளும் ஆயத்தம் எதுவும் இல்லாமல் வந்து இறங்குகிறார்கள். அதனாலேயே சிறு வேறுபாடும் அவர்களுக்கு மனத்தாங்கலாகிவிடுகிறது. அந்த மனத்தாங்கல் பெரும்பாலும் தேவையற்றது என்று உறுதியாக நம்புவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

இங்கிலாந்து, பிரிட்டன், யுனைடெட் கிங்டம் எல்லாம் ஒன்றுதானே? எந்தப் பெயரைச் சொன்னால் என்ன?

ஒன்றல்ல. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றும் அடங்கியது கிரேட் பிரிட்டன்; அவற்றோடு வட அயர்லாந்தும் சேர்ந்ததே யுனைடெட் கிங்டம். எடின்பரோவிலோ கார்டிஃபிலோ ஒருவரை ஆங்கிலேயர் என்று குறிப்பிட்டால் அவர் முகம் சுருங்கும். ஐயம் வந்தால் 'பிரிட்டிஷ்' என்று சொல்வது பாதுகாப்பு. கீழே உள்ள விடைகள் இங்கிலாந்துக்கு மட்டும் உரியவை. ஸ்காட்லாந்தில் சட்டமும் பல இடங்களில் வேறு, பழக்கமும் வேறு.

கடையில் நுழைந்ததும் 'யூ ஆல்ரைட்?' என்று கேட்கிறார்கள். நான் உடல்நலம் இல்லாதவன்போலத் தெரிகிறேனா?

இல்லை. அமெரிக்காவில் அந்தக் கேள்வி, கீழே விழுந்தவரையோ அழுதுகொண்டிருப்பவரையோ பார்த்துக் கேட்பது. இங்கே அது வணக்கம் மட்டுமே. கடை ஊழியர் கேட்டால் 'உங்களுக்கு ஏதாவது வேண்டுமா' என்றும், அலுவலகத்தில் எதிர்ப்படும் ஒருவர் கேட்டால் 'வணக்கம்' என்றும் பொருள் கொள்ளலாம். 'ஐ ஆம் ஃபைன், தேங்க்ஸ், யூ?' என்பது போதுமான விடை. நடந்துகொண்டே கேட்பார்கள், விடைக்காக நிற்கமாட்டார்கள். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. முதுகுவலியைப் பற்றி விரிவாகச் சொல்லத் தொடங்கினால் கேட்டவர் திகைத்து நிற்பார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அமெரிக்கர்களை இவர்களுக்குப் பிடிக்காதா?

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்டது இந்தக் கேள்விதான்; மிகுந்த வருத்தத்தோடு கேட்கப்பட்டதும் இதுவே. அமெரிக்கர் ஒருவர் அந்நியரிடம் மரியாதை காட்ட நினைத்தால் சிரித்துப் பெயரைச் சொல்லி நாலு வார்த்தை பேசுவார். ஆங்கிலேயர் ஒருவர் அதே மரியாதையைக் காட்ட நினைத்தால் எதிரே இருப்பவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவார். நெரிசல் மிகுந்த இந்தச் சிறிய நாட்டில், ஒருவருடைய அமைதியில் குறுக்கிடாமல் இருப்பது அவருக்குக் கொடுக்கும் இடம். பெட்டிக்குள் அனைவரும் மௌனமாக இருப்பது ஒருவரையொருவர் வெறுப்பதால் அன்று. நீங்கள் பேசியதும் அவர் தடுமாறியிருப்பார்; உங்கள் நாட்டைப் பற்றி அவர் எதையும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

பேசவே கூடாது என்று பொருளில்லை. வானிலை பொதுச் சொத்து. 'குளிர் விட்டுவிட்டதுபோல் இருக்கிறதே' என்றால் யாரும் பதில் சொல்வார்கள், நீங்கள் சொன்னதை மறுக்காமல் ஒப்புக்கொள்ளவும் செய்வார்கள். ரயில் தாமதமானால் பெட்டி முழுவதும் பேசத் தொடங்கும். நாயைக் கூட்டிச் செல்பவரிடம் நாயின் பெயரைக் கேட்பது எப்போதும் நல்லது. ஆனால் பெயரையும் தொழிலையும் வசிக்கும் இடத்தையும் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள். சம்பளத்தையும் வீட்டு விலையையும் ஒருபோதும் கேட்காதீர்கள். இலண்டனை விட்டு வடக்கே போகப் போக இந்த இறுக்கம் தளர்வதை நீங்களே காண்பீர்கள். யார்க்ஷயரில் கடைக்காரர் உங்களை 'லவ்' என்று அழைத்தால், அது பாட்டி ஒருத்தி 'கண்ணு' என்பதைப் போன்றதே.

அவர் காலை மிதித்தது நான். 'சாரி' சொன்னது அவர். ஏன்?

இங்கே 'சாரி' என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. இரண்டு பேர் மோதிக்கொண்ட சங்கடத்தைத் தீர்ப்பதற்கான சொல். வழி விடுங்கள், நீங்கள் சொன்னது கேட்கவில்லை, ஒரு நிமிடம் குறுக்கிடலாமா என்ற மூன்றுக்கும் அதே சொல்தான் பயன்படுகிறது. நீங்களும் உடனே 'சாரி' என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது.

வரிசையும் இதே மனப்பான்மையிலிருந்து வருவது. பேருந்து நிறுத்தத்தில் வரிசை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலும், யார் முதலில் வந்தார் என்பது அங்கே நிற்கும் அனைவருக்கும் தெரியும். நீங்கள் முந்திப் போனால் எவரும் சத்தம் போடமாட்டார்கள்; ஒரு பெருமூச்சு மட்டும் கேட்கும். இந்த ஊரில் அந்தப் பெருமூச்சு கடுமையான கண்டனம்.

பப்பில் இருபது நிமிடம் மேசையில் உட்கார்ந்திருந்தோம். எங்களை யாரும் கவனிக்கவே இல்லை. இதுதான் இவர்களின் உபசரிப்பா?

பெரும்பாலான பப்களில் மேசைக்கு வந்து கேட்கும் வழக்கம் இல்லை. எழுந்து கவுண்டருக்குப் போய், வேண்டியதைச் சொல்லி, அங்கேயே பணம் கொடுத்து, கோப்பையை நீங்களே எடுத்து வர வேண்டும். உணவு வேண்டுமானால் மேசையின் எண்ணைப் பார்த்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்; உணவை மட்டும் கொண்டுவந்து வைப்பார்கள். கவுண்டரில் வரிசை இருக்காது, ஆனால் யார் யாருக்குப் பின் வந்தார் என்பதை ஊழியர் மனத்தில் குறித்துக்கொண்டிருப்பார். கையை ஆட்டுவதும் பணத்தை நீட்டிக் காட்டுவதும் அநாகரிகம். அவர் கண்ணைச் சந்தித்தால் போதும். உங்களுக்கு முன் வந்தவர் காத்திருக்கும்போது ஊழியர் தவறுதலாக உங்களைக் கேட்டால், 'அவர் எனக்கு முன்னால் வந்தவர்' என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பப்பில் அன்று மாலை முழுவதும் உங்களுக்கு நல்ல பெயர்.

பைன்ட் என்ற அளவும் வேறு. இங்கே அது 568 மில்லிலிட்டர்; அமெரிக்காவில் 473. ஊரில் மூன்று பைன்ட் தாங்குகிறவர் இங்கேயும் மூன்று குடித்தால் அளவு மிஞ்சிவிடும். பீப்பாயிலேயே இரண்டாம் முறை நொதிக்கும் ஏல் என்ற பீர் வகையை நிலவறையின் குளிர்ச்சியில், அதாவது 11 முதல் 13 பாகை செல்சியஸ் அளவில்தான் தருவார்கள். அது வெதுவெதுப்பாகிப்போன பீர் இல்லை. பனிக்கட்டிபோல் குளிர வைத்தால் அதன் சுவை நாவுக்குத் தெரியாமல் போய்விடும். பெருநிறுவனங்களின் பீரால் இந்த வகை அழிந்துவிடும் நிலை வந்தபோது, 1971-இல் அதைக் காப்பதற்கென்றே குடிப்பவர்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அந்த அக்கறையை மதித்து ஒரு அரைப் பைன்டாவது சுவைத்துப் பாருங்கள்.

குடிக்காதவர்களுக்கும் பப் உரியதே. குழந்தைகளும் நாய்களும் பகலில் பல பப்களில் அனுமதிக்கப்படுவதைப் பார்த்து அமெரிக்கர்கள் வியப்பார்கள். மது வாங்கும் வயது இங்கே 18, அமெரிக்காவில் 21. சாதாரணக் குழாய்த் தண்ணீரைக் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது உரிம விதி. ஆனால் கேட்காமல் வராது, பனிக்கட்டியும் இரண்டே துண்டுதான் இருக்கும்.

'இட்ஸ் யுவர் ரவுண்ட்' என்றார்கள். என் பானத்துக்கு நான் பணம் கொடுத்தால் போதாதா?

போதாது. நான்கு பேராகப் போனால் ஒருவர் நால்வருக்கும் வாங்குவார், கோப்பைகள் காலியாகும் நிலையில் அடுத்தவர் எழுவார். அக்காவின் மருமகன் முதல் முறை வந்தபோது, மற்றவர் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டு, தன் முறையில் தனக்கு மட்டும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்தார். எவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மேசை அமைதியானது. மிக நல்ல மனிதர் அவர். வழக்கம் தெரியாமல் செய்த பிழை. அன்றிரவு விளக்கிச் சொன்னதும் மறுநாள் எல்லாருக்கும் முந்தி எழுந்து வாங்கினார்.

விரைவில் கிளம்ப வேண்டியிருந்தால் முதல் சுற்றை நீங்களே வாங்கிவிடுங்கள். மது அருந்தாதவர் எலுமிச்சைப் பானத்தைக் கேட்டாலும் சுற்றில் சேர்ந்தவரே. கணக்கு ரூபாய்க்கு ரூபாய் சரியாக வர வேண்டும் என்று எவரும் பார்ப்பதில்லை. முறை வந்தபோது எழுந்தாரா என்பதையே பார்க்கிறார்கள்.

டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது? இருபது விழுக்காடு கொடுத்தால் ஏன் விழிக்கிறார்கள்?

காரணம் சம்பளச் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் ஊழியருக்கான மத்தியக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது உயரவில்லை. சில மாநிலங்கள் கூடுதலாக விதித்திருந்தாலும், டிப்ஸ் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை என்ற நிலை பல இடங்களில் உண்மை. இங்கே உணவகப் பணியாளருக்கும் மற்ற எல்லாருக்கும் உள்ள அதே குறைந்தபட்சச் சம்பளத்தை முதலாளி முழுமையாகக் கொடுத்தாக வேண்டும். டிப்ஸை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வாடிக்கையாளர் தருகிற டிப்ஸ் முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்ற சட்டமும் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே மேசையில் பரிமாறும் உணவகத்தில் பத்து முதல் பன்னிரண்டரை விழுக்காடு போதும். அதற்கு முன் பில்லைப் படியுங்கள். இலண்டனில் சேவைக் கட்டணம் என்று ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள், அப்படியானால் மேலே எதுவும் வேண்டியதில்லை. டாக்சியில் அடுத்த முழுத் தொகைக்கு உயர்த்திக் கொடுக்கலாம். பப்பில் ஒவ்வொரு கோப்பைக்கும் நாணயம் வைப்பது வழக்கமில்லை. ஊழியர் மிகவும் நன்றாகக் கவனித்தால் 'உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது அழகான முறை.

பில்லை நீங்கள் கேட்கும்வரை கொண்டுவரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டு முடிக்குமுன் பில்லை வைப்பது அமெரிக்காவில் சுறுசுறுப்பு; இங்கே விருந்தினரை எழுப்பி விடுவதற்குச் சமம்.

விலைச்சீட்டில் உள்ள தொகையையே வாங்குகிறார்களே, வரி எங்கே?

உள்ளேயே இருக்கிறது. மதிப்புக் கூட்டு வரி பெரும்பாலான பொருள்களுக்கு 20 விழுக்காடு. அதைச் சேர்த்த விலையையே கடையில் எழுதியிருப்பார்கள்.

முதல் தளத்தில் அறை என்றார்கள். படியேற வைத்துவிட்டார்களே?

தெருவோடு ஒட்டிய தளம் இங்கே தரைத்தளம்; அதற்கு மேலே உள்ளதே முதல் தளம். இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் பழைய விடுதிகளில் அறை பதிவு செய்யும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். நூற்றைம்பது ஆண்டுக் கட்டடங்களில் பெரும்பாலும் இருக்காது.

கைகழுவும் தொட்டியில் ஏன் இரண்டு குழாய்? ஒன்றில் கை சுடுகிறது, மற்றதில் விறைக்கிறது.

பழைய வீடுகளின் அமைப்பால் வந்தது இது. குளிர்ந்த நீர் தெருக்குழாயிலிருந்து நேரே, அழுத்தத்தோடு வரும். வெந்நீரோ கூரைக்கடியில் உள்ள தொட்டியில் தேங்கி, கீழே இறங்கிச் சூடாகி வரும். திறந்த தொட்டியில் தூசியோ பூச்சியோ விழுந்திருக்கக்கூடும் என்பதால், அந்த நீர் குழாய்க்குள் குடிநீரோடு கலந்து தெருக்குழாய்க்கு எதிர்த்துப் பாயக் கூடாது என்று விதிகள் கவனமாக இருந்தன. இரண்டையும் தனித்தனியே வைத்துவிடுவது எளிய வழி. தொட்டியின் அடைப்பானை மூடி இரண்டையும் திறந்து நீரைக் கலந்துகொள்வதே அந்தக் கால முறை. இப்போது கட்டும் வீடுகளில் ஒற்றைக் குழாய்தான்.

குளியலறையில் விளக்குக்குக் கயிறு தொங்குவதும், அங்கே முகச்சவரக் கருவிக்கு மேற்பட்ட எதற்கும் மின் இணைப்பு இல்லாததும் ஈரக்கையால் மின்சாரம் தாக்காமல் இருப்பதற்காக. மின்னழுத்தம் இங்கே 230 வோல்ட், அமெரிக்காவில் 120. ஊரிலிருந்து கொண்டுவந்த தலைமுடி உலர்த்தியை முள் மாற்றி மட்டும் வைத்துச் செருகினால் அது கருகிவிடும். அக்கா இரண்டை இழந்திருக்கிறார். சுவரில் உள்ள செருகியின் பொத்தானையும் அழுத்த வேண்டும், இல்லையென்றால் கைபேசி விடியும்வரை சார்ஜ் ஆகாது.

சாலையைக் கடக்க எனக்குத் தெரியாதா? ஏன் எல்லாரும் எச்சரிக்கிறார்கள்?

தெரிந்திருப்பதுதான் ஆபத்து. சாலையின் இடப்புறம் செல்லும் வழக்கத்தை 1835-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் உறுதியாக்கியது. அமெரிக்கரின் தலை பழக்கத்தால் முதலில் இடப்பக்கம் திரும்பும். இங்கே வண்டி வலப்பக்கத்திலிருந்து வரும். அதனால்தான் இலண்டனில் 'வலப்பக்கம் பார்' என்று தரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்து, அதன்படி செய்யுங்கள்.

கடக்கும் இடம் அல்லாத இடத்தில் கடப்பது இங்கே குற்றமில்லை. மக்கள் தம் பொறுப்பில் கடப்பார்கள். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கடப்பில் நீங்கள் காலை வைத்தால் வண்டி நின்றாக வேண்டும், நிற்கவும் செய்யும். ஓட்டுநருக்குக் கையை உயர்த்தி நன்றி சொல்வது பழக்கம். வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். சிவப்பு விளக்கு எரியும்போது எந்தப் பக்கமும் திரும்பக் கூடாது. சுற்றுச்சந்திப்பில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே, அதாவது உங்கள் வலப்பக்கம் வருபவருக்கே முன்னுரிமை. 1966-இலிருந்து இதுவே விதி.

எந்தெந்தச் சொற்களில் நான் மாட்டிக்கொள்வேன்?

சிப்ஸ் என்றால் தடித்த உருளைக்கிழங்கு வறுவல் வரும். பாக்கெட்டில் வரும் மெல்லியது கிரிஸ்ப்ஸ். பிஸ்கட் இனிப்பானது, அமெரிக்காவில்போலக் குழம்போடு தின்பது அன்று. லெமனேடு பெரும்பாலும் நுரைக்கும் சோடா. சைடர் என்பது அமெரிக்காவில்போல ஆப்பிள் சாறு இல்லை, மது. குழந்தைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பேன்ட்ஸ் என்றால் உள்ளாடை. 'என் பேன்ட்ஸ் நனைந்துவிட்டது' என்று அலுவலகத்தில் சொன்ன நண்பர் ஒருவர் வெகுநேரம் காரணம் புரியாமல் நின்றார். பப்ளிக் ஸ்கூல் என்பது கட்டணம் மிகுந்த தனியார் பள்ளி. கழிப்பறைக்கு டாய்லெட் என்றோ லூ என்றோ கேளுங்கள். பாத்ரூம் என்றால் குளிக்கப் போகிறீர்களா என்று நினைப்பார்கள்.

அலுவலகத்தில் உண்மையாகவே தீங்கு விளைவிக்கக்கூடிய சொல் ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒரு பொருளை 'டேபிள்' செய்வோம் என்றால், அமெரிக்காவில் தள்ளி வைப்போம் என்று பொருள். இங்கே இப்போதே எடுத்துப் பேசுவோம் என்று பொருள். நேர் எதிர். தேதியும் அப்படியே: 4/7 என்பது இங்கே ஜூலை 4, ஏப்ரல் 7 இல்லை. விடுதிப் பதிவில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

என் அறிக்கையை மேலாளர் 'க்வைட் குட்' என்றார். மகிழ்ந்தேன். உடன் பணிபுரிபவர் ஏன் ஆறுதல் சொன்னார்?

அமெரிக்காவில் 'க்வைட்' என்பது 'மிகவும்'. இங்கே அதே சொல் 'குட்' போன்ற சொற்களுக்கு முன் வந்தால் 'ஓரளவு' என்று இறங்கிவிடும். 'இம்பாசிபிள்' போன்ற முற்றுச்சொற்களுக்கு முன் வந்தால் மட்டுமே 'முழுக்க முழுக்க' என்று நிற்கும். உங்கள் அறிக்கை பரவாயில்லை, இன்னும் திருத்தலாம் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். மாறாக, 'நாட் பேட் அட் ஆல்' என்று சொல்லியிருந்தால் அன்று நீங்கள் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போகலாம்.

ரயில் பயணியைப் பற்றிச் சொன்ன அதே எண்ணம்தான் இங்கும் செயல்படுகிறது. ஒருவரை நேரடியாகக் கட்டளையிடுவது அவருடைய இடத்தில் காலெடுத்து வைப்பது. ஆகையால் 'நேரம் கிடைத்தால் மூன்றாம் பக்கத்தை மறுபடி ஒருமுறை பார்க்கலாமோ' என்று மேலாளர் சொன்னால், அது வேண்டுகோள் அன்று, இன்றே செய்ய வேண்டிய வேலை. 'மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன்' என்று தொடங்கினால் மறுப்பு வருகிறது. இதைப் பாசாங்கு என்று சில அமெரிக்க நண்பர்கள் கோபப்படுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. கேட்பவரும் சொல்பவரும் ஒரே அகராதியை வைத்திருக்கும்போது அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. அந்த அகராதி கைவசம் இல்லாத புதியவருக்குத்தான் இடர்ப்பாடு. ஐயம் இருந்தால் 'இதை நான் மாற்ற வேண்டுமா?' என்று தனியாகக் கேளுங்கள், தெளிவாகச் சொல்வார்கள்.

'டீக்கு வாருங்கள்' என்றார்கள். சாப்பிட்டுவிட்டுப் போவதா, பசியோடு போவதா?

ஊரைப் பொறுத்தது. வட இங்கிலாந்தில் பல வீடுகளில் நண்பகல் உணவு டின்னர், மாலை ஐந்தாறு மணிக்கு உண்ணும் முழு உணவு டீ. தெற்கே நாலு மணிக்கு அழைத்தால் தேநீரும் கேக்கும். அமெரிக்க விடுதிகள் வெள்ளித்தட்டில் சிறு சிற்றுண்டிகள் அடுக்கித் தருவதை 'ஹை டீ' என்று விளம்பரப்படுத்துகின்றன; இங்கே அதன் பெயர் ஆஃப்டர்நூன் டீ. ஹை டீ என்பது உழைத்துக் களைத்து வீடு திரும்பியவர்கள் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து உண்ட மாலை உணவு. டெவனில் ஸ்கோன் என்ற சிறு கேக்மீது முதலில் க்ரீம், பிறகு ஜாம். கார்ன்வாலில் முதலில் ஜாம். எந்த மாவட்டத்தில் இருக்கிறீர்களோ அதன்படி செய்யுங்கள்.

தேநீர் என்றால் சூடாக, பாலோடு. குளிர்ந்த தேநீரை எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுக்குள் நுழைந்த எவரையும், குழாய் பழுதுபார்க்க வந்தவரையும்கூட, முதலில் தேநீர் வேண்டுமா என்று கேட்கும் வழக்கம் எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்தது.

கடையில் முட்டையை வெளியே அடுக்கி வைத்திருக்கிறார்களே, கெட்டுப்போகாதா?

அமெரிக்காவில் முட்டையைக் கழுவி விற்பதால் ஓட்டின் இயற்கைப் பூச்சு போய்விடுகிறது. பிறகு குளிரிலேயே வைத்தாக வேண்டும். இங்கே முதல்தர முட்டையைக் கழுவக் கூடாது என்பது விதி. சிங்க முத்திரை குத்திய முட்டை, சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமிக்குத் தடுப்பூசி போட்ட கோழியினுடையது. அந்த முறை 1998-இல் வந்தது.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு சூப்பர்மார்க்கெட் பூட்டியிருந்தது. நெருக்கடி ஏதாவதா?

இல்லை. 1994-இன் ஞாயிறு வணிகச் சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை 10-க்கும் மாலை 6-க்கும் இடையே தொடர்ந்து ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம். தெருமுனைச் சிறு கடை திறந்திருக்கும், விலை சற்றுக் கூடுதல்.

அரசரே திருச்சபைக்குத் தலைவர் என்கிறார்கள். ஆனால் தேவாலயம் காலியாக இருக்கிறதே? எங்கள் ஊரில் சட்டம் மதத்தைப் பிரித்து வைத்திருக்கிறது, ஆலயமோ நிரம்பி வழிகிறது.

நீங்கள் பார்த்தது சரியே. இங்கிலாந்துத் திருச்சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன் ஆயர்கள் 26 பேர் பிரபுக்கள் அவையில் அமர்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் நாள்தோறும் கூட்டு வழிபாடு வேண்டும் என்று 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் விதித்தது, அந்தக் கடமை இன்றும் ஏட்டில் இருக்கிறது. அமெரிக்காவிலோ அரசுப் பள்ளி ஏற்பாடு செய்யும் தொழுகையை 1962-இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் தம்மைக் கிறிஸ்தவர் என்று குறித்தவர்கள் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 46.2 விழுக்காடுதான்.

அன்றாடப் பழக்கத்துக்கு வேண்டியது இவ்வளவே: 'எந்த ஆலயத்துக்குப் போகிறீர்கள்?' என்பது உங்கள் ஊரில் அண்டை வீட்டாரின் அன்பான கேள்வி, இங்கே சம்பளத்தைக் கேட்பது போன்றது. அரசியல் தலைவர்கள்கூடப் பேச்சை இறைவன் பெயரால் முடிப்பதில்லை. நம்பிக்கை உள்ளவர்கள் ஆழமாகவே நம்புகிறார்கள், அதைப் பேசுவதில்லை. திருமணம், அடக்கம், கிறிஸ்துமஸ் இரவுப் பாடல் ஆகியவற்றுக்கு நீங்களும் அந்தப் பழங்கற்கட்டடங்களுக்குள் போய் அமரலாம், எவரும் தடுக்கமாட்டார்கள்.

நடைபாதைப் பலகை ஒருவருடைய வயலுக்குள் காட்டுகிறது. உள்ளே போனால் சுட்டுவிடமாட்டார்களா?

சுடமாட்டார்கள், அது உங்கள் உரிமை. இதைப் பற்றி எழுதுவதற்காகவே இந்தப் பக்கத்தைத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொது வழிகள் தனியார் நிலங்களின் ஊடே செல்கின்றன. கோயிலுக்கும் சந்தைக்கும் வேலைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த ஒற்றையடிப் பாதைகள் அவை. நிலம் கைமாறினாலும் நடக்கும் உரிமை மாறுவதில்லை. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை வரைபடத்தில் பதிந்து வைக்கும்படி உள்ளாட்சிகளுக்குக் கட்டளையிட்டது.

இது இயல்பாகக் கிடைத்துவிடவில்லை. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளர்களுக்குப் பக்கத்திலேயே மலைகள் இருந்தும், வேட்டைக்காக நில உடைமையாளர்கள் அவற்றை மூடி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் கின்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். அந்த மலை இருக்கும் பீக் மாவட்டம் 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. மலைமேடுகளிலும் புல்வெளிகளிலும் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 'உள்ளே வராதே' என்ற பலகையையே பார்த்து வளர்ந்த அக்காவின் பேரன், ஒரு விவசாயியின் பார்லி வயலுக்கு நடுவே நடந்தபோது அவர் டிராக்டரிலிருந்து கையசைத்ததை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு; நீல அம்பு குதிரைக்கும் மிதிவண்டிக்கும் சேர்த்து. வேலியில் ஏறி இறங்க மரப்படி இருக்கும். திறந்த படலைத் திரும்ப மூடுங்கள், ஆட்டுக்குட்டிகள் இருக்கும் காலத்தில் நாயைக் கட்டிப் பிடியுங்கள், கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே போகாதீர்கள். எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்லுங்கள்: ரயிலில் வாய் திறக்காத அதே ஆங்கிலேயர், மலைப்பாதையில் தாமாகவே காலை வணக்கம் சொல்வார்.

உடம்பு சரியில்லாமல் போனால் எல்லாம் இலவசமா?

விபத்து மற்றும் அவசரப் பிரிவில் பார்ப்பது பயணிகளுக்கும் இலவசம். மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டால் வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு, அது சிறு தொகை அன்று. பயணக் காப்பீடு இல்லாமல் வராதீர்கள். அவசர உதவிக்கு எண் 999, மற்ற ஆலோசனைக்கு 111. தலைவலி மாத்திரை சாதாரணக் கடையில் பதினாறுக்கு மேல் ஒரு பெட்டியில் கிடைக்காது. அளவு மீறி உண்டு உயிர் விடுவோரைக் காக்க 1998-இல் வந்த கட்டுப்பாடு அது. காசாளர் இரண்டு பெட்டிக்கு மேல் மறுத்தால் வாதாடாதீர்கள்.

மூன்று மாதமாக இங்கே வசிக்கிறேன். பக்கத்து வீட்டார் என்னைக் கேலி செய்கிறார்கள், ஆனால் வீட்டுக்கு அழைக்கவில்லை. என்னைப் பிடித்திருக்கிறதா, இல்லையா?

பிடித்திருக்கிறது. பிடிக்காதவரிடம் ஆங்கிலேயர் மிக மரியாதையாக இருப்பார்; கேலி செய்யத் தொடங்கிவிட்டால் உங்களைத் தம்மில் ஒருவராக ஏற்றுக்கொண்டார் என்று பொருள். உங்கள் பார்சலை வாங்கி வைத்தாரா, ஊருக்குப் போனபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றினாரா என்று பாருங்கள். அழைப்பு வர இங்கே காலம் பிடிக்கும். 'எப்போதாவது சாப்பிட வாருங்கள்' என்பது நல்லெண்ணம் மட்டுமே. நாளும் நேரமும் சொல்லும்வரை அது அழைப்பு ஆகாது. 'யூ ஆல்ரைட்?' என்பதைப் போலவே அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்காமல் நீங்களே நாள் குறித்து அழையுங்கள், மகிழ்ந்து வருவார்கள். அடுத்து அவர்கள் அழைக்கும்போது ஒரு பாட்டில் ஒயினோ பூங்கொத்தோ கொண்டு போங்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் கழித்துப் போகலாம், முன்னால் போகக் கூடாது. வீட்டைச் சுற்றிக் காட்டும்படி கேட்காதீர்கள், தாமாகக் காட்டினால் பாருங்கள். இரவு பத்தரை மணிக்கு மேல், பேச்சுக்கு நடுவே வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் முழங்கால்களில் தட்டி 'ரைட்' என்று சொன்னால், கோட்டை எடுத்துக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது.